மே லீவுக்கு ஊருக்கு வர்றோம்: முதுமக்கள் தாழி, கல்கோட்டை எல்லாம் பார்க்க எங்கே போகலாம்?

உச்சிப்புளிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் உச்சிப்புளி பக்கம், பொழப்பு திருப்பூர்ல. மே மாசம் குடும்பத்தோட ஊருக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல இருப்போம். எப்பவும் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, அரியமான் கடற்கரைன்னு சுத்திட்டுக் கிளம்பிருவோம். இந்தத் தடவை மூத்தவ வேற கேக்குறா. ஏழாவது முடிக்கிறா. அந்தக் காலத்துல செத்தவங்களை வெச்சுப் புதைச்ச பெரிய பானை, அதான் ஆதிச்சநல்லூர் தாழி, அது வீடியோ ஒண்ணைப் பார்த்ததுல இருந்து "அப்பா, இதெல்லாம் நம்ம ஊர்ப் பக்கம் இருக்கா, அந்தக் காலத்துல நம்ம ஊர்ல யாரு இருந்தா"ன்னு ஒரே கேள்வி. சின்னவனுக்கு கோட்டை வேணும். ஏறிப் பார்க்குற மாதிரி கல்லுக் கோட்டை.

நம்ம கடற்கரைப் பக்கமே ஏதாவது இருக்கா? இல்லைன்னா காலையில போயிட்டு ராத்திரிக்குள்ள வீடு திரும்புற தூரத்துல எது எது? அம்மாவும் கூட வருவாங்க, வயசு எழுபது ஆகப்போகுது. போய்ப் பார்த்தவங்க சொல்லுங்க.

சாயல்குடி வேன்:

அண்ணே, நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுறவன். ஆதிச்சநல்லூருக்கு ஆள் கூட்டிட்டுப் போயிருக்கேன். உச்சிப்புளில இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைய பிடிங்க. ராமநாதபுரம், சாயல்குடி, வேம்பார், குளத்தூர், தூத்துக்குடி. அங்கேருந்து ஸ்ரீவைகுண்டம் போய் ஆத்தத் தாண்டுனா வந்துரும். காலையில நாலரைக்கெல்லாம் கிளம்பிரணும். மே மாசம் பதினோரு மணிக்கு மேல அந்த மேட்டுல நிக்க முடியாது, நிழலே கிடையாது. சாயல்குடி தாண்டி ரோட்டோரம் பதநீரும் நுங்கும் கிடைக்கும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்க.

கோட்டைன்னா கமுதி கோட்டை கிட்ட. பெரிய கோட்டைன்னா திருமயம்தான், ஆனா அதுக்கு ஒரு முழு நாள் வேணும்.

அழகன்குளம்னு யாராச்சும் சொல்லுவாங்க. போகாதீங்க அண்ணே. தோண்டி மூடிட்டாங்க. கருவமுள்ளும் மேடும்தான் இருக்கு. சின்னப் புள்ளைக்கு அங்க காட்ட ஒண்ணுமில்ல.

தேவிபட்டினம் டீச்சர்:

தம்பி, உங்கள் மகள் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. தாழி எங்கே இருக்கிறது என்று மட்டும் அவள் கேட்கவில்லை, நம் ஊரில் யார் இருந்தார்கள் என்றும் கேட்டிருக்கிறாள். இந்தக் கடற்கரைப் பள்ளிகளில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேன் தம்பி வழி சொன்னதெல்லாம் சரி. அழகன்குளத்தை விட்டுவிடச் சொன்னதை மட்டும் ஏற்கமாட்டேன். அங்கிருந்துதான் நீங்கள் தொடங்க வேண்டும். உச்சிப்புளிக்காரருக்கு அது பக்கத்து ஊர். வைகை கடலைத் தொடும் இடம். ஊருக்குள் கோட்டைமேடு என்று கேட்டால் காட்டுவார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-இல் அங்கே தோண்டத் தொடங்கி, விட்டுவிட்டுப் பல பருவங்கள், 2016-17 வரைக்கும் தோண்டியது. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த மதுச்சாடிகளின் உடைசல், கங்கைச் சமவெளியில் செய்த கறுப்பு மெருகுப் பானை ஓடு, ரோமானிய நாணயங்கள், தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள், சங்கு வளையல், மணிகள் என்று கிடைத்தவை பல. ஒரு பானை ஓட்டில் கப்பல் ஒன்றைக் கோட்டுருவமாகக் கீறி வைத்திருக்கிறார்கள். கப்பலை நேரில் பார்த்த ஒருவர், உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் உட்கார்ந்து அதைக் கீறியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு அந்த மேட்டில் நிறுத்துங்கள். முள்ளுக்காட்டிலும் அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

மேட்டைப் பார்த்த கையோடு ராமநாதபுரம் அரண்மனைக்கு, ராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். மாநிலத் தொல்லியல் துறை அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறது. அழகன்குளத்துப் பொருட்களில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. சுவர் முழுக்க, நம் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்கள் கால ஓவியங்கள். தஞ்சை மராட்டியர் படையோடு நடந்த சண்டை, வெள்ளைக்காரர்கள் வந்து மன்னரைப் பார்ப்பது எல்லாம் வரைந்திருக்கிறார்கள். கோட்டை கேட்கிற சின்னவனுக்கு அந்தச் சண்டைச் சுவர் போதும், ஒரு மணி நேரம் நகரமாட்டான்.

நம் கரையோரத்தில் ஏன் கல்வட்டமும் (அடக்கம் செய்த இடத்தைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) கல்கோட்டையும் இல்லை என்று மகள் கேட்பாள். இங்கே கல் கிடையாது, அதுதான் காரணம். மணல், களிமண், கடலில் பவளக்கல், அவ்வளவுதான். புதுக்கோட்டைப் பக்கம் செம்புராங்கல்லும் கருங்கல்லும் காலடியிலேயே கிடக்கிறது. அதனால் அங்கிருந்த மக்கள் இறந்தவர்களுக்குக் கல் அடுக்கினார்கள், கல்வட்டம் போட்டார்கள், பலகைக் கல்லால் அறை கட்டினார்கள். வைகைக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் நல்ல களிமண் உண்டு, குயவர்கள் உண்டு. அதனால் தாழி. காலம் ஏறக்குறைய ஒன்றுதான். கையருகே கிடைத்த மண்ணையும் கல்லையும் வைத்துத் தங்கள் மனிதர்களை வழியனுப்பியிருக்கிறார்கள்.

நீங்கள் திருப்பூரில் இருக்கிறீர்கள் என்றதும் எனக்குக் கொடுமணல்தான் நினைவுக்கு வந்தது. சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரையில். உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம் இருக்கும். கல்வட்டங்களும், பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, ஒரு பலகையில் வட்டமாகத் துளை போட்ட கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. இரும்பு உருக்கியிருக்கிறார்கள், மணிகள் அறுத்துப் பட்டை தீட்டியிருக்கிறார்கள். பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் கிடைத்தது. லீவு முடிந்து திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். ஊரில் தாழி, அங்கே கல்லறை என்று இரண்டையும் பார்த்தால் நான் மேலே சொன்னது அவளுக்கே விளங்கிவிடும்.

இனி தாழி. அழகன்குளத்து வைகையையே பிடித்து மேலே போங்கள். பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம், அதைத் தாண்டினால் கீழடி. 2014-இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை இப்போது மாநிலத் துறை தொடர்ந்து செய்கிறது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள், செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள். கீழடியில் இருப்பது வாழ்ந்தவர்களின் இடம். செங்கல் சுவர், உறைகிணறு, நெசவுக் கருவி, விளையாட்டுக் காய். அந்த மக்கள் இறந்தவர்களைக் கொண்டுபோன இடம் பக்கத்திலுள்ள கொந்தகை. அங்கே கிடைத்த தாழிகளையும் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கொந்தகை மண்டை ஓடுகள் இரண்டை வைத்து இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்களின் முகத்தை வடித்து 2025-இல் வெளியிட்டார்கள். அந்தப் படத்தை முதலிலேயே செல்போனில் காட்டிக் கூட்டிப் போங்கள். முகத்தைப் பார்த்த பிறகு தாழி முன்னால் நிற்கிற பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை. நானே வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

ஆதிச்சநல்லூருக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். தாமிரபரணியின் தென்கரையில் நூறு ஏக்கருக்கு மேல் பரந்த சரளை மேடு. அந்தப் பக்கத்தில் பரம்பு என்பார்கள். அங்கே நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள், நான்கு பக்கமும் வயலும் வாழையும். விளையும் மண்ணை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, விளையாத மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 1876-இல் ஜெர்மனிக்காரர் யாகோர் வந்து தோண்டி பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்கத்தில் நெற்றிப்பட்டம், வெண்கலத்தில் விலங்கும் பறவையும் வைத்த மூடிகள், இரும்பு வாள், ஈட்டி எல்லாம் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-இல் மத்தியத் துறை மறுபடி தோண்டியபோது நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகள் வந்தன. இப்போது தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மண்ணுக்குள் தாழி எப்படி உட்கார்ந்திருந்ததோ அப்படியே குனிந்து பார்க்கலாம். இந்த ஒன்றுக்காகவே நான்கு மணி நேரம் வண்டியில் போகலாம். பக்கத்தில்தான் சிவகளை. அங்கே ஒரு தாழிக்குள் இருந்த நெல்லுமணி மூவாயிரத்து இருநூறு ஆண்டுப் பழமை என்று 2021-இல் அறிவித்தார்கள்.

தாழியை வெறும் பெரிய பானையாகப் பார்த்துவிட்டு வராதீர்கள் தம்பி. புறநானூற்றில் 256-ஆம் பாட்டை அவளுக்குச் சொல்லுங்கள். கணவனோடு காட்டு வழியில் வந்த ஒரு பெண், அவன் இறந்த பிறகு குயவரிடம் கேட்கிறாள்: வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வரும் சின்ன வெள்ளைப் பல்லி போல அவனோடு வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்துகொடு என்று. அது ஒரு பெண் குயவரிடம் கொடுத்த சொந்த வேலை. நாம் கண்ணாடி வழியாகப் பார்ப்பதும் யாரோ ஒருவர் அழுதுகொண்டே கேட்டு வாங்கிய தாழியைத்தான்.

கோட்டையைப் பற்றிச் சுருக்கமாக. தாழியையும் கோட்டையையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது, பிள்ளைகள் மனதில் எல்லாம் "பழசு" என்று ஒரே மூட்டையாகிவிடும். திருமயம் கோட்டை 1687-இல் நம் கிழவன் சேதுபதி கட்டியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும் அது நம் சீமை ராஜா எழுப்பிய கோட்டை. ஏழு சுற்று மதிலில் நான்கு மிச்சம், உச்சியில் பீரங்கி. பையனுக்கு இதைவிட வேறு வேண்டாம். கமுதி கோட்டை சிறியது. குண்டாற்றங்கரையில் வட்டமாகக் கல்லால் கட்டியது, அதுவும் சேதுபதிகள் கட்டியதுதான். நேரம் கிடைத்தால் பாருங்கள்.

தொண்டி கடலோடி:

டீச்சர் எழுதுனதைப் படிச்சிட்டு எனக்கே கிளம்பணும் போல இருக்கு. ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். திருமயம் போறவங்க ஆர்.எஸ்.மங்கலம் வழியாத்தான் போவீங்க. அங்க கண்மாய்க் கரையில வண்டிய நிறுத்துங்க. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைன்னு சொல்ற கண்மாய் அதுதான்.

புதுக்கோட்டை வரைக்கும் போக முடிஞ்சா சித்தன்னவாசல் ரோட்டோரத்துலயே கல்வட்டம் எல்லாம் கிடக்கு. பொற்பனைக்கோட்டையும் இருக்கு, சங்க காலத்து மண்கோட்டைங்கறாங்க, தொல்லியல் துறை அகழாய்வு பண்ணிருக்காங்க.

டீச்சர், ஒரு சந்தேகம். உங்க ஊர் நவபாஷாணக் கல்லு ஒன்பதும் கடலுக்குள்ள நிக்குதே, அதுவும் இந்தக் கல்வட்டம், தாழியெல்லாம் வெச்ச பெருங்கற்காலத்துக் கல்லா? எங்க ஆளுக ஒருத்தர் அடிச்சுச் சொல்றார்.

உச்சிப்புளிக்காரன்:

டீச்சர், கையெடுத்துக் கும்பிடுறேன். இத்தனை வருஷம் திருப்பூர்ல இருந்தும் கொடுமணல் பேரைக் கேட்டதோட சரி. வீட்ல படிச்சுக் காட்டுனேன், மக இப்பவே பை கட்டுறா.

ரெண்டு சிக்கல். அம்மா ஒத்துக்க மாட்டேங்குறாங்க. "செத்தவங்க குழியைப் பார்க்க லீவு நாள்ல பச்சப்புள்ளைகளைக் கூட்டிட்டுப் போவியா, தீட்டு"ன்னு ஒரே சத்தம். வயசாகியும் உயிர் போகாத கிழடுகளைச் சாப்பாடு வெளக்கோட தாழிக்குள்ள உயிரோட வெச்சாங்கன்னு அவங்க ஆத்தா சொன்ன கதையையும் பிள்ளைககிட்ட சொல்லிட்டாங்க. சின்னவன் இப்ப அப்பத்தாவைத் தாழிக்குள்ள வைப்பாங்களான்னு கேட்டு அழுகுறான்.

இன்னொண்ணு, அழகன்குளம் மேட்டுல பானை ஓடு கிடக்கும்னு சொல்றாங்க. மக ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு ஒண்ணு ரெண்டு எடுத்துக்கலாமா?

தேவிபட்டினம் டீச்சர்:

தொண்டித் தம்பிக்கு முதலில். நவபாஷாணம் கோயில், ராமர் நவக்கிரகங்களைப் பிரதிஷ்டை செய்ததாக நம் மக்கள் கும்பிடுகிற இடம். கும்பிடப் போகலாம். பெருங்கற்காலக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. அந்தக் காலத்துக் கல் என்றால் கீழே மண்ணில் எலும்போ பானையோ இரும்போ சேர்ந்து வரவேண்டும். கல் நிற்பதை மட்டும் வைத்துக் காலம் சொல்ல முடியாது.

உச்சிப்புளித் தம்பி, சின்னவனைத்தான் முதலில் தேற்ற வேண்டும். அந்தக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு, தென்மாவட்டம் முழுக்க உண்டு. தாழியோடு தானியமும் சின்னச் சின்னக் கலயங்களும் கிடைப்பதைப் பார்த்தவர்கள், உயிரோடு இருப்பவருக்கு வைத்த சாப்பாடு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் 2020-இல் கொந்தகையில் ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. ஆக, வயதானவர்களுக்கு மட்டும் ஒதுக்கிய இடமல்ல அது. பல தாழிகளில் இருப்பது, உடலை முதலில் வேறிடத்தில் விட்டு, பிறகு எலும்பை மட்டும் எடுத்து வைத்த அடக்கம். உயிரோடு வைக்கப்பட்டவருக்கு அப்படி நடக்குமா? இறந்தவருக்குப் பசிக்கக் கூடாதென்று சோறு வைத்தார்கள் என்று அவனிடம் சொல்லுங்கள். நாம் திதிக்கு இலை போட்டுப் படைக்கிறோமே, அதையும் சேர்த்துச் சொன்னால் அவன் அழமாட்டான்.

உங்கள் அம்மாவிடமும் இதையேதான் சொல்ல வேண்டும். தீட்டு என்கிறார்களே, அந்த மரியாதை உணர்வை வெட்டிப் பேசாதீர்கள். ஆதிச்சநல்லூரில் மேட்டில் ஏறி நின்று செல்ஃபி எடுத்துச் சிரிக்கிறவர்களைவிட உங்கள் அம்மாவுக்கு அந்த இடம் நன்றாகப் புரியும். "இது அடக்கம் பண்ணின இடம்தான் அம்மா, நம்ம முன்னோர் இடம், கும்பிட்டுட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் அவர்களை வற்புறுத்த வேண்டாம். ஆதிச்சநல்லூர் நாளில் ஸ்ரீவைகுண்டம் கோயிலில் அவர்களை இறக்கிவிட்டு, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அழைத்துக்கொள்ளலாம். பக்கம்தான். நடை சாத்தும் முன்னால் போய்ச் சேருங்கள்.

பானை ஓடு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, அது ஒரு பக்கம். ஓடு எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் செய்தி இருக்கிறது. பைக்குள் போட்டுத் திருப்பூர் கொண்டுபோனால் அது வெறும் உடைந்த சட்டி. மேட்டில் கிடந்தால், நாளைக்கு மழையில் மேல்மண் கரையும்போது ஆய்வு செய்கிறவர் கண்ணில் படும். கப்பல் கீறிய அந்த ஓட்டை அறுபது வருடம் முன்னால் ஒரு பிள்ளை விளையாட எடுத்துப் போயிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? புராஜெக்ட்டுக்கு ஓட்டின் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வாய் விளிம்பா, வயிற்றுப் பகுதியா, உள்ளே கறுப்பு வெளியே சிவப்பா என்று குறித்துக்கொள்ளட்டும். எழுத்தோ கீறலோ கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு ராமநாதபுரம் அரண்மனை அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். அதுதான் தொல்லியல் வேலை, அவள் வயதிலேயே செய்யலாம்.

சாயல்குடி வேன்:

டீச்சர், நான் அழகன்குளம் வழியா எத்தனையோ தடவை வண்டி ஓட்டிருக்கேன், கப்பல் போட்ட ஓடு கதை இன்னைக்குத்தான் தெரியும். இனி சவாரி வந்தா நிறுத்திக் காட்டுறேன்.

உச்சிப்புளி அண்ணே, கீழடி போறதுக்கு முந்தி என்னைக்கு வார விடுமுறைன்னு பாத்துக்கிருங்க. போன வருசம் ஒரு குடும்பம் சொல்லாமக் கொள்ளாம போயி கேட்டுல நின்னுட்டு வந்துச்சு.

உச்சிப்புளிக்காரன்:

முடிவு பண்ணியாச்சு. முதல் நாள் அழகன்குளமும் அரண்மனையும். அப்புறம் ஒரு நாள் கீழடி, ஒரு நாள் ஆதிச்சநல்லூர். கடைசியா திருமயம். அம்மா ஸ்ரீவைகுண்டம்னதும் சரின்னுட்டாங்க. திருமயத்துல அவங்களால ஏற முடியுமா டீச்சர்?

தேவிபட்டினம் டீச்சர்:

உச்சிக்கு வேண்டாம், பாறை வழுக்கும். கோட்டையின் அடிவாரத்திலேயே மலையைக் குடைந்த இரண்டு கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, ஒன்று சிவனுக்கு, ஒன்று பெருமாளுக்கு. பெருமாள் கோயில் நம் திருப்புல்லாணி மாதிரியே நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று, உள்ளே பள்ளிகொண்ட பெருமாள் மிகப் பெரியவர். அம்மாவும் உங்கள் வீட்டுக்காரம்மாவும் அங்கே இருக்கட்டும், நீங்கள் பிள்ளைகளோடு ஏறிவிட்டு வாருங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பாறையும் கொதிக்கும். அதனால் காலை ஒன்பது மணிக்குள் அங்கே இருப்பது போலக் கிளம்புங்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.